காணோம் என்னும் சொல்: காணாமற்போன பிள்ளைகளும் நம் மொழியும்



இப்பொழிவின் தலைப்பைக் கண்ட ஆசிரியர் சிலர், மொழியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவருக்குக் காணாமற்போன பிள்ளைகளைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று எண்ணியிருக்கலாம். அவ்வையம் நியாயமானதே. பிள்ளையைத் தேடுவது காவல் துறையின் பணி. குடும்பத்தைத் தாங்குவது சமூகநல அதிகாரிகளும் உளநல ஆலோசகர்களும் செய்யும் பணி. ஆயினும், ஒரு பிள்ளை வீடு திரும்பாத மாலையில், காவல் வண்டி புறப்படுவதற்கு முன்பே அவ்வீட்டிலிருந்து புறப்படுவது ஒன்று உண்டு. அது ஒரு வாக்கியம். "பிள்ளையைக் காணோம்" என்று தாய் அண்டை வீட்டாரிடம் சொல்கிறார். அண்டை வீட்டார் அதனை வேறு சொற்களில் அடுத்த வீட்டாரிடம் சொல்கின்றனர். இரவுக்குள் அவ்வாக்கியம் பல வடிவங்களை எடுத்துவிடுகிறது. "காணாமல் போய்விட்டாள்" என்கிறார் ஒருவர். "தொலைத்துவிட்டார்கள்" என்கிறார் மற்றொருவர். "ஓடிப்போய்விட்டாளாம்" என்று முடிக்கிறார் மூன்றாமவர்.

இவை யாவும் ஒரே செய்தியைக் கூறுவனபோலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஒருவரை எழுவாயாக நிறுத்துகிறது. நிறுத்தப்பட்டவர்மேல் பழி ஏறுகிறது. பழி ஏறும் இடத்திற்கேற்பப் புகார் விரைகிறது அல்லது தயங்குகிறது. குடும்பத்திற்குத் துணை கிடைக்கிறது அல்லது மறுக்கப்படுகிறது. திரும்பி வரும் பிள்ளைக்கு வகுப்பறைக் கதவு திறக்கிறது அல்லது மூடுகிறது. நாம் இன்று விளக்க முற்படுவது இவ்வொன்றையே.

1. நாம் எழுதிய ஓர் அறிவிப்பு

பல ஆண்டுகளுக்கு முன்னர், நாம் பணியில் இருந்த காலத்தில், நாம் குடியிருந்த தாமானில் பதினைந்து வயது மாணவி ஒருத்தி பள்ளி முடிந்து வீடு திரும்பவில்லை. அவளுடைய தாய் மூன்றாம் நாள் காலையில் நம் வீட்டிற்கு வந்தார். பெண்ணின் படத்தோடு ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டும், அதனைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். காவல் நிலையத்தில் புகார் செய்தாயிற்றா என்று வினவினோம். அன்று காலையில்தான் செய்ததாகக் கூறினார். இரண்டு இரவுகள் ஏன் காத்திருந்தார் என்பதையும் அவரே சொன்னார்.

"போலீசுக்குப் போனா எல்லாருக்கும் தெரிஞ்சிடும் ஐயா. ஓடிப்போயிட்டான்னு பேசிடுவாங்க. அப்புறம் அவ திரும்பி வந்தாலும் அந்தப் பேரு போகாது."

நாம் எழுதத் தொடங்கினோம். உயரம், உடை, கடைசியாகக் கண்ட இடம் ஆகியவற்றைக் குறித்தபின், பிள்ளையின் இயல்பைக் காட்ட "அமைதியான பெண்ணாக இருந்தாள்" என்று ஒரு வரி சேர்த்தோம். தாய் அவ்வரியின்மேல் விரலை வைத்தார்.

"இருந்தாள்னு எழுதாதீங்க ஐயா. இருக்கான்னு எழுதுங்க."

கால இடைநிலைகளைப் பற்றி அதுவரை எத்தனையோ வகுப்புகள் எடுத்திருந்தோம். ஓர் இடைநிலை ஒரு தாயை என்ன செய்யும் என்பதை அன்றுதான் அறிந்தோம். வரியைத் திருத்தினோம்.

அந்தப் பெண் பதினொன்றாம் நாள் உயிரோடு கிடைத்தாள். அதன்பின் நடந்தவற்றை இப்பொழிவின் பிற்பகுதியில் கூறுவோம்.

2. ஒரு பெயரின்கீழ்ப் பல நிகழ்வுகள்

'காணாமற்போன பிள்ளை' என்பது ஒரே வகை நிகழ்வைக் குறிக்கும் பெயரன்று. சந்தையிலோ கோயில் திருவிழாக் கூட்டத்திலோ கைநழுவிய சிறு குழந்தை உண்டு. பத்துமலைத் தைப்பூசத்திற்குச் சென்றவர்கள் இவ்வகை அறிவிப்பை ஒலிபெருக்கியில் கேட்டிருப்பர். வீட்டிலோ பள்ளியிலோ நேர்ந்த துன்பத்திலிருந்து விலகிச் சென்ற பதின்ம வயதினர் உண்டு. மணமுறிவுக்குப்பின் பெற்றோருள் ஒருவர், மற்றவர் அறியாமல் அழைத்துச் சென்றுவிட்ட பிள்ளை உண்டு. இவ்வகைப் பிள்ளைகள் நாட்டெல்லை கடக்கும்போது எழும் சிக்கலைத் தீர்க்கவே 1980இல் ஹேக் நகரில் ஓர் அனைத்துலக உடன்படிக்கை வகுக்கப்பட்டது. வேலை தருவதாகவோ காதலிப்பதாகவோ கைப்பேசி வழியே பழகி அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளை உண்டு. முன்பின் அறியாத ஒருவரால் கடத்தப்பட்ட பிள்ளையும் உண்டு. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்த பிள்ளைகள் வேறு.

இவற்றுள் செய்தித்தாள்களில் பெரிய எழுத்தில் வருவது அந்நியர் கடத்தல். ஆனால், எண்ணிக்கையில் அதுவே மிகக் குறைவு. பல நாடுகளின் காவல் பதிவுகளில் மிகுதியாக இடம்பெறுவோர் வீட்டைவிட்டு நீங்கிய பதின்ம வயதினர். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பி வருகின்றனர் அல்லது கண்டுபிடிக்கப்படுகின்றனர். இச்செய்தி ஆறுதல் தருவது. எனினும் இதிலிருந்து, 'எப்படியும் வந்துவிடுவார்கள்' என்னும் தவறான முடிவுக்கும் மக்கள் வந்துவிடுகின்றனர். தானே வீட்டை நீங்கிய பிள்ளை, முதல் இரவிலேயே பிறர் பிடியில் அகப்படும் பிள்ளையாகலாம். உறங்க இடமும் உண்ண உணவும் இல்லாத பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அவற்றைத் தர முன்வருவோர் அனைவரும் நல்லவராக இருப்பர் என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆகவே, நிகழ்வு எந்த வகையில் தொடங்கியது என்பதைக் கொண்டு இடரின் அளவை முடிவு செய்தல் ஆகாது.

3. மூன்று வினைகள்

நம் மக்கள் வழக்கில் இந்நிகழ்வைக் குறிக்க மூன்று வினைகள் பெரிதும் வழங்குகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, தொலைதல். இது தன்வினையாகத் 'தொலைந்தான்' என்றும் பிறவினையாகத் 'தொலைத்தார்' என்றும் வரும். குடை தொலைந்தது, சாவியைத் தொலைத்தேன் என்பன பொருள்களுக்குரிய வழக்குகள். பிள்ளைக்கு இவ்வினை வரும்போது பெரும்பாலும் பிறவினையாகவே வருகிறது: "பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள்." பெற்றோர் எழுவாய், பிள்ளை, கவனக் குறைவால் நழுவிய உடைமை. 'தொலைந்து போ' என்பது நம் பேச்சில் வசைமொழியாகவும் வழங்குவதை எண்ணிப் பார்த்தால் இச்சொல்லின் சூடு விளங்கும்.

இரண்டாவது, காணாமற்போதல். 'காணாமல்' என்பது எதிர்மறை வினையெச்சம். 'போ' என்பது இங்கே நடந்து செல்லுதலைக் குறிக்கும் முதல்வினையன்று. 'தெரியாமல் போயிற்று', 'முடியாமல் போயிற்று' என்பவற்றில் வருவதுபோன்ற துணைவினை. இலக்கணப்படி நோக்கின், 'காணாமற்போன பிள்ளை' என்னும் தொடர் பிள்ளைமேல் எக்குற்றமும் சாற்றவில்லை. காணப்படாத நிலை நேர்ந்தது என்றே கூறுகிறது. ஆயினும் கேட்பவர் செவியில் 'போன' என்பது போதலாகவே ஒலிக்கிறது. 'போனவள்' என்று சுருங்கியவுடன் எழுவாயும் விருப்பமும் அவளுக்கே உரியனவாகிவிடுகின்றன.

மூன்றாவது, ஓடிப்போதல். இதில் மறைவு ஏதும் இல்லை. பிள்ளையே எழுவாய், செயல் அவள் விருப்பம், பெண்பிள்ளையாயின் ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ஆண்பிள்ளை ஓடிப்போனால் 'அடிக்குப் பயந்து' என்று காரணம் தேடும் ஊர், பெண்பிள்ளை ஓடிப்போனாள் என்றால் 'யாரோடு' என்று கேட்கிறது. நம்மிடம் வந்த தாய் இரண்டு இரவுகள் காத்திருந்தது இச்சொல்லுக்கு அஞ்சியே. தேடலில் முதல் மணிநேரங்களே விலைமதிப்பு மிக்கவை என்று காவல் துறையினர் ஓயாது கூறுகின்றனர். அந்த விலைமதிப்பற்ற மணிநேரங்களை ஒரு சொல் விழுங்கிவிட்டது.

சொல்லை மாற்றினால் உலகம் மாறிவிடுமா என்று மாணவர்கள் கேட்கலாம். சொல் மட்டுமே மாற்றிவிடாது. ஆயினும் துன்புற்ற மக்கள் தாமே முன்வந்து இலக்கணத்தைத் திருத்திய நிகழ்வுகள் உண்டு. இலங்கைப் போரின்போதும் 2009இல் அது முடிந்தபோதும் உறவுகளை இழந்த தமிழ்க் குடும்பங்கள், 'காணாமற்போனோர்' என்னும் பெயரை ஏற்க மறுத்தன. தம் உறவுகள் தாமாகப் போகவில்லை என்பதனால், 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்னும் தொடரை அவை வழக்கிற்குக் கொண்டுவந்தன. 'போன' என்பது 'ஆக்கப்பட்ட' என்றாயிற்று. தன்வினை, செயப்பாட்டுவினையாயிற்று. செயப்பாட்டுவினை வந்தவுடன், 'ஆக்கியவர் யார்' என்னும் வினாவும் உடன் வந்து நின்றது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டதும் அவ்வினாவையே. அவர்கள் தேடுவோருள் பிள்ளைகளும் உளர்.

இந்தியாவில் சட்டமே இதையொத்த ஒரு திருத்தத்தைச் செய்தது. 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், பிள்ளை காணவில்லை என்று வரும் புகார் ஒவ்வொன்றையும் குற்ற வழக்காகப் பதிவு செய்ய வேண்டும் என்றும், வேறாக மெய்ப்பிக்கப்படும்வரை அதனைக் கடத்தல் அல்லது ஆள்கடத்தல் வணிகம் என்றே ஊகிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. 'ஓடிப்போயிருக்கும்' என்னும் ஊகத்தின் இடத்தில் 'கொண்டு போயிருக்கக்கூடும்' என்னும் ஊகம் அமர்ந்தது. ஒரு நாட்டின் காவல் நிலையங்கள் அனைத்திலும் எழுவாயை மாற்றிய தீர்ப்பு அது.

4. முதல் மணிநேரங்கள்

இனி, நடைமுறைக்கு வருவோம். பிள்ளை காணப்படவில்லை என்றால் இருபத்து நான்கு மணிநேரம் காத்திருந்துதான் புகார் செய்ய வேண்டும் என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. திரைப்படங்கள் அதற்கு ஒரு காரணமாகலாம். அது தவறான நம்பிக்கை. உடனே 999 எண்ணை அழைக்கலாம். அருகிலுள்ள எந்தக் காவல் நிலையத்திற்கும் செல்லலாம். மலேசியாவில் 15999 என்னும் 'தாலியான் காசே' எண்ணும் உதவிக்கு உண்டு. அமெரிக்காவில் 1990இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பிள்ளைகளைப் பொறுத்தவரை இத்தகைய காத்திருப்பையே தடைசெய்தது.

பொதுமக்களையும் தேடலில் இணைக்கும் முறைகள் ஒரே நாளில் உருவானவை அல்ல. 1979 மே 25 அன்று நியூயார்க் நகரில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், பள்ளிப் பேருந்து நிறுத்தத்திற்கு நடந்து செல்லும் வழியில் மறைந்தான். அந்நாளையே அமெரிக்கா 1983இல் காணாமற்போன பிள்ளைகளுக்குரிய நாளாக அறிவித்தது. இன்று பிற நாடுகள் பலவும் அதனைக் கடைப்பிடிக்கின்றன. அக்காலத்தில் பால் பெட்டிகளில் பிள்ளைகளின் படங்கள் அச்சாயின. 1996இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கடத்திக் கொல்லப்பட்டபின், வானொலி, தொலைக்காட்சி வழியே உடனடி அறிவிப்பு தரும் 'ஆம்பர் அலர்ட்' முறை தோன்றியது. மலேசியாவில், 2007இல் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கடத்தப்பட்டு இறந்து கிடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அதன்பின் எழுந்த கோரிக்கைகளின் பயனாக 2011இல் 'நூர் அலர்ட்' நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் ஏற்பாட்டின் பின்னும் திரும்பி வராத ஒரு பிள்ளை இருப்பதை நாம் மறத்தலாகாது.

'நூர் அலர்ட்' 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கருதி வகுக்கப்பட்டது. மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டமோ 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் சிறுவர் என்கிறது. இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையில் நிற்பவர்கள் நம் இடைநிலைப்பள்ளி மாணவர்கள். அவசர அறிவிப்பு எட்டாத அவ்வயதினர்மேல்தான் 'ஓடிப்போனவர்' என்னும் சொல் மிக எளிதாக ஒட்டிக்கொள்கிறது. ஆகவே, அவர்களைப் பொறுத்தவரை ஆசிரியர்களும் அண்டை அயலாரும் காட்டும் விரைவே அறிவிப்பாக அமைய வேண்டும்.

ஆசிரியர்களின் கையில் ஒரு கருவி உள்ளது. அது வருகைப் பதிவேடு. காலையில் வீட்டிலிருந்து புறப்பட்ட மாணவர் பள்ளிக்கு வரவில்லை என்பதை முதலில் அறியக்கூடியவர் வகுப்பாசிரியர். முதற்பாட வேளையிலேயே வீட்டிற்கு ஓர் அழைப்பு சென்றால் தேடல் காலையில் தொடங்கும். செல்லாவிடில், பிள்ளை வீடு திரும்பாத மாலையில்தான் தொடங்கும். இடைப்பட்ட ஏழெட்டு மணிநேரத்தில் விரைவுப்பேருந்து ஒன்று தீபகற்பத்தின் மறுமுனையை அடைந்துவிடும்.

அறிவிப்பு எழுத நேரும் மாணவர்களுக்கும் சில கூறுவோம். அண்மையில் எடுத்த, முகம் தெளிவாகத் தெரியும் படமே வேண்டும். திருமண விழாவில் ஒப்பனையோடு எடுத்த படம் உதவாது. பெயர், வயது, உயரம், அணிந்துள்ள உடை, கடைசியாகக் கண்ட இடமும் நேரமும், புகார் செய்த காவல் நிலையம் ஆகியன போதும். காவல் நிலையத்தின் எண்ணைத் தருவதே நன்று. குடும்பத்தினரின் சொந்த எண்ணை ஊரெங்கும் பரப்பினால், பிள்ளை தம்மிடம் இருப்பதாகப் பொய் கூறிப் பணம் பறிப்போர் அழைப்பர். பிள்ளையைப் பற்றிய ஏதேனும் ஓர் அடையாளத்தை வெளியிடாமல் காவல் துறைக்கு மட்டும் சொல்லி வைத்தால், பொய்யரை இனங்காண அது உதவும். புலனக் குழுக்களில் அறிவிப்பைப் பகிரும்போது நாளைக் கட்டாயம் குறிப்பிடுக. பிள்ளை கிடைத்தபின் அவ்வறிவிப்பை நீக்கும் கடமையும் பகிர்ந்தவருக்கு உண்டு. கிடைத்துவிட்ட பிள்ளையின் படம் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பது, அப்பிள்ளையை மீண்டும் மீண்டும் காணாமற்போகச் செய்வதாகும்.

5. காலம் காட்டாத துயரம்

பெரும்பாலான பிள்ளைகள் கிடைத்துவிடுகின்றனர் என்றோம். கிடைக்காத பிள்ளைகளின் குடும்பங்களைப் பற்றியும் பேச வேண்டும்.

1986 மே மாதத்தில் சிங்கப்பூரில் பன்னிரண்டு வயதுச் சிறுவர் இருவர், பிற்பகல் பள்ளிக்குப் புறப்பட்டவர்கள், வகுப்பை அடையவில்லை. ஒரு விரைவுணவு நிறுவனம் ஒரு லட்சம் வெள்ளி வெகுமதி அறிவித்தது. தீவு முழுதும் தேடியும், அயல்நாடுகளில் விசாரித்தும் அவர்களைப் பற்றிய உறுதியான செய்தி ஒன்றும் கிட்டவில்லை. அன்று அவர்களோடு படித்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். அச்சிறுவர்களோ படங்களில் இன்னும் பன்னிரண்டு வயதினராகவே இருக்கின்றனர்.

இத்தகைய இழப்பிற்கு அமெரிக்க உளவியலார் பாலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என்னும் பொருள்தரும் பெயரைச் சூட்டினார். உடலால் இல்லாமலும் உள்ளத்தில் நீங்காமலும் இருக்கும் ஒருவரை இழத்தல் என்பது அதன் ஒரு வகை. இறப்பு நேர்ந்த வீட்டில் சடங்கு உண்டு. உறவினர் கூடுவர்; பதினாறாம் நாள் வரும்; ஆண்டுத் திதி வரும். அவை துயரத்திற்கு ஒரு வடிவமும் வரம்பும் தருகின்றன. காணாமற்போன பிள்ளையின் வீட்டில் எச்சடங்கும் இல்லை. அழுதால், நம்பிக்கை இழந்துவிட்டதாகப் பழி; சிரித்தால், பிள்ளையை மறந்துவிட்டதாகப் பழி. வீடு மாறவும் அஞ்சுவர்; பிள்ளை திரும்பி வந்தால் எந்தக் கதவைத் தட்டும்? தொலைபேசி எண்ணை மாற்றவும் அஞ்சுவர்; பிள்ளைக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதானே? இவை மனநோயின் அறிகுறிகள் அல்ல. விடை கிடைக்காத வினாவோடு வாழ்வோர் இயல்பாகக் கொள்ளும் நிலை இதுவே என்பது பாஸ் தந்த தெளிவு. 'முடிவு கண்டு மீளுங்கள்' என்று அவர்களை நெருக்குவது தகாது. முடிவில்லாமையோடு வாழக் கற்பதற்குத் துணை நிற்பதே செய்யத்தக்கது.

சட்டம் ஒரு கட்டத்தில் காலத்தைக் குறித்துவிடுகிறது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டப்படி, ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றி எச்செய்தியும் இல்லையாயின் அவர் உயிரோடிருக்கிறார் என்பதை அவ்வாறு கூறுவோரே மெய்ப்பிக்க வேண்டும். சிங்கப்பூரிலும் இதையொத்த விதி உண்டு. சொத்து, காப்புறுதி முதலியவற்றிற்கு இது தேவையே. ஆனால், சட்டம் 'இருந்தாள்' என்று எழுதும் நாளிலும் தாய் 'இருக்கிறாள்' என்றே கூறுவார். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழியை இலங்கை 2016இல் வகுத்தது. இறப்புச் சான்றிதழை ஏற்க மனமில்லாத குடும்பங்களுக்கு, இன்னார் இன்று இங்கில்லை என்பதை மட்டும் உறுதி செய்யும் சான்றிதழை வழங்க அந்நாட்டுச் சட்டம் இடமளித்தது. அது எல்லாக் குடும்பங்களுக்கும் நிறைவளிக்கவில்லை. எனினும், இறந்தார் என்று சொல்லுமாறு தாயை வற்புறுத்தாமலே அரசு ஆவணம் எழுதலாம் என்பதை அது காட்டியது.

இவ்விடத்தில் 'காணோம்' என்னும் சொல்லுக்குத் திரும்புவோம். பழைய தமிழில் எதிர்மறை வினைமுற்றுகள் காணேன், காணாய், காணான், காணோம் என இடத்தைக் காட்டும், காலத்தைக் காட்டா. 'காணேன்' என்பதற்கு இடத்திற்கேற்பக் கண்டிலேன், காண்கின்றிலேன், காணமாட்டேன் என மூன்று காலத்தும் பொருள் கொள்ளலாம். இன்றைய தமிழில் இவ்வினைமுற்றுகள் பல அருகிவிட்டன. 'காணோம்' மட்டும் அன்றாடப் பேச்சில் உயிரோடு நிற்கிறது. பிள்ளை நேற்று மறைந்தாலும் நாற்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்தாலும் தாய் சொல்லும் சொல் ஒன்றே: "பிள்ளையைக் காணோம்." காலம் காட்டாத துயரத்திற்குக் காலம் காட்டாத வினைமுற்றை நம் மொழி காத்து வைத்திருக்கிறது.

6. குடும்பத்தோடு பேசும் முறை

ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்கக்கூடிய வினா, 'அவர்களிடம் என்ன பேசுவது?' என்பதே. நாம் கண்டறிந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவதாக, பிள்ளையின் பெயரைச் சொல்லுக. மனம் நோகுமே என்று எண்ணிப் பலரும் பெயரையே தவிர்க்கின்றனர். பெயரைத் தவிர்க்கும் வீட்டில் பிள்ளை இரண்டாம் முறையும் மறைகிறது. பிள்ளையைப் பற்றிப் பேசும்போது குடும்பத்தார் வழங்கும் காலத்திலேயே பேசுக. அவர்கள் 'இருக்கிறான்' என்றால் நாமும் 'இருக்கிறான்' என்போம். அவர்கள் என்றேனும் 'இருந்தான்' என்று கூறினால், அது அவர்கள் எடுத்த முடிவு. அதனை முந்திக்கொண்டு எடுக்க நமக்கு உரிமை இல்லை.

இரண்டாவதாக, காரணம் கற்பித்தலைத் தவிர்க்க. 'நேரம் சரியில்லை', 'கொஞ்சம் கண்டித்து வளர்த்திருக்கலாம்', 'நீங்கள் அன்று போய் அழைத்து வந்திருக்கலாமே' என்பன ஆறுதலின் உருவில் வரும் குற்றச்சாட்டுகள். பெற்றோர் அக்கேள்விகளை ஒவ்வோர் இரவும் தமக்குள் கேட்டுக்கொண்டிருப்பர்.

மூன்றாவதாக, 'ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்பதோடு நில்லாமல் ஒரு செயலைக் குறித்துக் கேட்க. நாளை காவல் நிலையத்திற்கு உடன் வரட்டுமா? விசாரணை அதிகாரி மலாயில் கூறியதைத் தமிழில் விளக்கட்டுமா? வரும் அழைப்புகளையும் சந்தித்த அதிகாரிகளின் பெயர்களையும் நாள்வாரியாக ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டுமா? இன்று இரவு உணவு கொண்டு வரட்டுமா? நெருக்கடியில் இருப்போருக்கு விருப்பங்களை எண்ணிச் சொல்லும் வலிமை இராது. ஆம், இல்லை என்று சொல்லும் வலிமை இருக்கும்.

நான்காவதாக, உடன்பிறந்தாரை மறவற்க. வீட்டின் முழுக் கவனமும் இல்லாத பிள்ளையின்மேல் குவியும்போது, இருக்கும் பிள்ளை தன் பசியையும் பள்ளிப்பாடத்தையும் சொல்லத் தயங்குகிறது. இதனைக் கண்டுகொள்ளத்தக்கவர் ஆசிரியரே. அப்பிள்ளையிடம் 'அக்காவைப் பற்றி ஏதும் தெரிந்ததா?' என்று ஒவ்வொரு நாளும் கேட்பது அன்பாகாது. 'நீ சாப்பிட்டாயா?' என்று கேட்பதே அன்பு.

ஐந்தாவதாக, தீபாவளியும் பிறந்தநாளும் வரும். முதல் மாதத்தில் கூட்டமாக வந்தவர்கள் மூன்றாம் ஆண்டில் வருவதில்லை. அந்நாட்களில் ஒருமுறை எட்டிப் பார்ப்பவர், முதல் மாதத்தில் வந்த நூறு பேருக்கு நிகராவார்.

7. திரும்பி வருதல்

நம் தாமானின் பெண் பதினொன்றாம் நாள் கிடைத்தாள் என்றோம். வேறொரு நகரில், அறிமுகமான குடும்பம் ஒன்றின் வீட்டில் இருந்தாள். வீட்டைவிட்டு ஏன் நீங்கினாள் என்பதை அவள் தாயிடமும் ஓர் ஆலோசகரிடமும் கூறினாள். அக்காரணம் அவளுக்குரியது, இங்கே கூறத் தேவையில்லை. ஊரார் ஊகித்த காரணம் அதுவன்று என்பதை மட்டும் கூறுவோம்.

இரண்டு வாரம் கழித்து அவள் பள்ளிக்குச் சென்றாள். வகுப்பில் அவளுக்குப் புதுப்பெயர் ஒன்று காத்திருந்தது. மாணவர் சிலர் அதனை இட்டனர். ஆசிரியர் ஒருவர் கேலியாகவே அதனை ஒருமுறை வழங்கினார். தாய் எந்தச் சொல்லுக்கு அஞ்சி இரண்டு இரவுகளை இழந்தாரோ, அதே சொல். மூன்று மாதம் அவள் பொறுத்தாள். பின்னர்ப் பள்ளியை விட்டாள். நாம் அவ்வறிவிப்பை மூன்று மொழிகளில் எழுதித் தந்தோம். பெண் கிடைத்தவுடன் நம் பணி முடிந்தது என்று எண்ணிவிட்டோம். அப்பள்ளிக்குச் சென்று ஆசிரியர்களிடம் ஒரு சொல் பேசவேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. சொற்களையே தொழிலாகக் கொண்ட நாம் அதனைச் செய்யத் தவறியது இன்றும் உறுத்துகிறது. இப்பொழிவுக்கு இப்பொருளைத் தேர்ந்ததற்கும் அதுவே காரணம்.

திரும்பி வரும் பிள்ளையை ஏற்கும் முறையைப் பள்ளிகள் முன்கூட்டியே வகுத்து வைக்கலாம். பிள்ளை வரும் நாளுக்கு முன்பே ஆலோசக ஆசிரியர் வகுப்பாசிரியர்களோடும் கட்டொழுங்கு ஆசிரியரோடும் பேசி, யார் என்ன கேட்கலாம், என்ன கேட்கலாகாது என்று முடிவு செய்ய வேண்டும். நிகழ்ந்ததைச் சொல்லும் உரிமை பிள்ளைக்கே உண்டு. சொல்லாதிருக்கும் உரிமையும் அதற்கே. வகுப்பு மாணவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: "நம் தோழி திரும்பி வந்திருக்கிறாள், நாம் மகிழ்கிறோம்." விட்டுப்போன பாடங்களுக்குத் தனி நேரம் ஒதுக்குவது அவ்வாக்கியத்திற்குச் சான்றாகும்.

8. யார் காணோம்?

நிறைவாக, 'காணோம்' என்பதன் விகுதியைப் பார்ப்போம். காண் என்பது பகுதி. எதிர்மறை ஆகாரம் இடையில் கெட்டது. எஞ்சி நிற்பது 'ஓம்'. இது தன்மைப் பன்மை விகுதி. வந்தோம், சென்றோம் என்பவற்றில் வருவதே இங்கும் வருகிறது. தனியொரு தாய், தனியே தெருவில் நின்று கூவினாலும் 'காணேன்' என்று கூவுவதில்லை. 'காணோம்' என்றே கூவுகிறார். பேசுவோர் தம்மோடு பிறரையும் உளப்படுத்திக்கொள்வதனால் இலக்கண நூலார் இதனை உளப்பாட்டுத் தன்மை என்றனர். இன்று அப்பொருள் தேய்ந்து, இச்சொல் உறைந்துபோன வடிவமாகிவிட்டது என்பது உண்மையே. ஆயினும் விகுதி அழியவில்லை.

இச்சொல்லில் பிள்ளை எழுவாயன்று. ஆகவே, ஓடிப்போன பழி இல்லை. தொலைத்தவர் என்று பெற்றோரைச் சுட்டும் பழியும் இல்லை. காண வேண்டியவர்கள் காணவில்லை என்பது மட்டுமே உண்டு. யார் அவர்கள்? மலாய்மொழியில் 'காமி' என்றால் கேட்பவர் நீங்கலாகிய நாங்கள். 'கீத்தா' என்றால் கேட்பவரும் உள்ளிட்ட நாம். தமிழிலும் நாங்கள், நாம் என்னும் இவ்வேறுபாடு பெயரில் உண்டு; வினையில் இல்லை. 'ஓம்' என்னும் விகுதி இரண்டுக்கும் பொது. ஆகவே, ஒரு தாய் "பிள்ளையைக் காணோம்" என்னும்போது, நாங்கள் காணோம் என்கிறாரா, நாம் காணோம் என்கிறாரா என்பதை அவ்வினை முடிவு செய்வதில்லை. அதனைக் கேட்பவரே முடிவு செய்ய வேண்டும்.